நாற்காலியைத் திருப்பிப் போடுவது

ஆம்ப்ளிஃபயர் வால்வுகள் சூடாக அரைமணி நேரம் வேண்டும், அதுவரை யாரும் என்னை எதுவும் கேட்கக்கூடாது, நானும் என்னை எதுவும் கேட்டுக்கொள்ளக்கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் பத்தேகாலுக்கு சுவிட்சைப் போட்டேன். பெரிய வால்வு நாலு, பக்கத்துக்கு இரண்டு. முன்னால் குட்டி மூன்று. போட்டவுடன் ஒன்றும் தெரியாது, செத்த கண்ணாடிதான். அப்புறம் உள்ளே எங்கேயோ குங்குமம் தொட்டு வைத்தமாதிரி ஒரு சிவப்பு, அது கீழிருந்து மெதுவாக மேலே ஏறும், ஏறி ஆரஞ்சாகி நிற்கும். நின்றுவிட்டதே என்று உடனே கை வைத்தால் தப்பு. சூடு இரும்புக்குள்ளும் தாமிரத்துக்குள்ளும் இறங்கி எல்லாம் ஒரு நிலைக்கு வர அரைமணி ஆகும். அதற்கப்புறம் மீட்டரை வைத்து நாலு வால்விலும் ஒரே அளவு கரண்ட் ஓடுகிறதா என்று பார்த்துத் திருகாணியைத் தொட வேண்டும். தொட்டு முடிந்தால் ரெக்கார்டைப் போட வேண்டும். ரெக்கார்டைப் போட்டால் நாற்காலியைத் திருப்ப வேண்டும். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கிறது. பதினொரு மணிக்கு பாக்கியநாதன் வருகிறான், சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு, கையில் இரும்பு அறுக்கிற ரம்பத்தோடு. வருகிறேன் என்றால் வருகிறவன். இருபத்திரண்டு வருஷத்தில் சொன்ன நேரத்துக்கு வராத நாளே கிடையாது, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், மனுஷன் என்றால் பேசுவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டாமா. அவன் வந்து இந்தப் பலகையில் இருந்து இடது பக்க டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, அவன் கையாலேயே நாற்பது நாள் சுற்றியதை, என் கண் முன்னால் அறுத்து, கம்பியைப் பிரித்து, சுற்று சுற்றாக எண்ணிக் காட்டப்போகிறான். அப்படித்தான் பேச்சு. எண்ணிக்கை சரியாக இருந்தால் நான் இனி கணபதி ஏரியாவில் இருக்கிற அவன் கடைப் படி ஏறக்கூடாது. அறுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது, வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வைத்து இறுக்கியது, ஒருதரம் ரம்பம் பட்டால் பழைய இரும்புதான், கிலோவுக்கு இவ்வளவு என்று என்னிடமே வந்து போடலாம்.

பழைய இரும்பு. அதில்தான் ஆரம்பித்தேன், அதில்தான் இருக்கிறேன், இதில் வெட்கம் என்ன. மூடின மில்லில் ஏலம் விடுகிற மோட்டாரையும் தறியையும் வாங்கி, ஓடுவதை ஓடுகிற விலைக்கும் ஓடாததை எடைக்கும் விற்கிறவன் நான். மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள், அவர்களுக்குக் காதே தேவையில்லை. என் தொழில் காதுத் தொழில். ஏலத்தில் எதிராளி விலை கேட்கும்போது கடைசி எழுத்தில் குரல் ஒரு நூல் இறங்கும், அங்கே அவன் பை காலி, அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் போதும். இதை எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அடி வாங்கித் தெரிந்துகொண்டது. இந்த வால்வுகள்கூட அப்படி வந்தவைதான், ஒரு மில்லில் தொழிலாளிகளுக்குப் பாட்டுப் போடுகிற பழைய பெட்டி, ஏலக்காரன் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, இதையும் தூக்கிப் போடு என்றேன், போட்டான். உள்ளே திறந்து பார்த்தால் வைக்கோலில் சுற்றிப் பன்னிரண்டு வால்வு. புதுசு. பாக்கியநாதன் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைப் போயி எடைக்குப் போட்டுறாதீங்க" என்றான். கண்ணாடிக்கு ஏதப்பா எடை என்று சிரித்தேன். அவன் அதற்கு முன் மோட்டார் காயில்தான் சுற்றிக்கொண்டிருந்தான், எரிந்துபோன மோட்டாரை நான் கொண்டுபோய்ப் போடுவேன், அவன் உயிர் கொடுப்பான். அந்த வால்வைப் பார்த்த நாளில் இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்தது. இந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்ட மூன்று வருஷம். அலுமினியத் தகடு நான் கொண்டுவந்தேன், ஓட்டை அவன் போட்டான். முதல் டிரான்ஸ்ஃபார்மர் கத்தியது, இரண்டாவது ஊமை, மூன்றாவதைச் சுற்றும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் வைக்கிற காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினான். இந்த வால்வு கொடுக்கிற கரண்ட் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகாது, நடுவில் இந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் கைமாற்றிக் கொடுக்கிறது, அதனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது என்பான். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே சுருள் கம்பி, ஒரே கை, ஒரே மழைக்காலம். அவனைப் போய்க் கம்பி திருடினாய் என்றேன். நாலு பேர் முன்னால்.

இன்னும் இருபது. கீழே வீட்டுக்காரி சுலோச்சனா மிக்சி போடுகிறாள், தேங்காய்ச் சட்னி. அவள் மிக்சி போடுவது தெரிகிறது, சரியாகத்தானே கேட்கிறது. எந்தக் காதில் கேட்கிறது என்று யாராவது பிரித்துப் பார்ப்பார்களா. வலது காதை மூடிப் பார்த்தால் தெரிந்துபோகும், விரலை எடுத்து வைத்தால் போதும், நாற்காலியைக்கூடத் திருப்ப வேண்டாம். வைக்க மாட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் வால்வு. இடது பக்கம் குறைச்சலாகக் கேட்டது, ஜன்னல் பக்கம். பழைய ஒற்றைத் தட ரெக்கார்ட் போட்டால் பாடுகிற அம்மாள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் வந்து நிற்க வேண்டும், சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டியமாதிரி. அந்த அம்மாள் நிற்கவில்லை, வலது புறம் பீரோ இருக்கிற பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். வால்வுகளை இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் பீரோ பக்கம். பிளேயரில் இருந்து வருகிற ஒயரை மாற்றிச் சொருகினேன், பீரோ பக்கம். அப்படியானால் மிச்சம் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர்தானே. பாக்கியநாதன் வந்து மீட்டர் வைத்துக் காட்டினான், ஜன்னல் பக்கமும் பீரோ பக்கமும் ஒரே எண், கடைசிப் புள்ளி வரை. "மீட்டர் ரெண்டையும் ஒண்ணாத்தானுங்களே காட்டுது" என்றான். மீட்டர் பொய் சொல்லும், என் காது சொல்லாது என்றேன். இதைச் சொல்லிச் சொல்லித்தான் முப்பது வருஷம் சாப்பிட்டேன். அடுத்த நாள் அவன் கடைக்குப் போய், இரண்டு வேலைக்காரர்கள், பம்பு செட்டு கொண்டுவந்த ஒரு கவுண்டர், டீக்கடைக்காரர், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "உன்ற மீட்டரைக் கொண்டுபோய்க் குப்பையில போடு, இடது பக்கத்துக்குச் சுத்துக் குறைச்சுச் சுத்திட்டு மிச்சக் கம்பியை வித்துத் தின்னுட்டே" என்றேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அடங்கியிருப்பேன், கத்துகிறவனிடம் பேச எனக்குத் தெரியும். கையில் இருந்த பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வாரனுங்க, உங்க முன்னாலயே அறுத்து எண்ணிக் காட்டறேன்" என்றான்.

அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், எந்தக் கத்துக்குட்டியும் அதைத்தான் முதலில் செய்வான், ஆனால் நான்தான் ஒயரை அளவெடுத்து வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்து அழகாகச் சுவரோடு சுவராக ஓட்டியிருந்தேனே, அதைப் பிய்க்க மனசு வரவில்லை. ஒயருக்கு மனசு வரவில்லை, மனுஷனுக்கு வந்துவிட்டது. பிய்த்து மாற்றினேன். அதாவது இடது டிரான்ஸ்ஃபார்மர் இப்போது பீரோ பக்கம் பாடுகிறது. அந்த அம்மாள் அப்போதும் பீரோ பக்கம்தான் போனாள். அது போன வியாழன். அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாம். பாக்கியம், உன் டிரான்ஸ்ஃபார்மர் மேல தப்பில்லைப்பா என்று ஒரு வரி. போனை எடுத்தேன், வைத்தேன், ஸ்பீக்கர் பெட்டி மேல் பழியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன், ஒவ்வொன்றும் முப்பது கிலோ, இடுப்பு இன்னும் வலிக்கிறது. பீரோ பக்கம். ஜன்னல் திரை சத்தத்தைக் குடிக்கிறது என்று திரையைக் கழற்றினேன், சுலோச்சனா எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று சண்டை போட்டாள். பீரோ மேல் சத்தம் பட்டுத் திரும்புகிறது என்று பீரோவுக்கு ரஜாய் போர்த்தினேன். அதோ நிற்கிறது ரஜாயோடு, காய்ச்சல்காரன் மாதிரி. மாற்றுவதற்கு இந்த அறையில் இனி ஒரே ஒரு சாமான்தான் பாக்கி, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நாற்காலி ஒரு மில் மேனேஜருடையது. தேக்கு, கைப்பிடியில் அவர் மோதிரம் தேய்த்த பள்ளம் இருக்கிறது. நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வேலைக்காரம்மா கூட்டும்போது அரை அங்குலம் நகர்ந்தாலும் சத்தம் போடுவேன். திருப்பி உட்கார்ந்தால் என் முதுகு ஸ்பீக்கர் பக்கம் வரும், இடது காது பீரோ பக்கம் போகும். அப்போதும் அந்த அம்மாள் பீரோ பக்கமே நின்றால் குறை அறையில், பெட்டியில், ஆம்ப்ளிஃபயரில், உலகத்தில் எங்கேயோ, தேடிக்கொள்ளலாம். ஜன்னல் பக்கம் போய்விட்டால். போனால் என்ன, ஐம்பத்தேழு வயசு, ஒரு காது, கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா. சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. போன ஐப்பசியில் திருப்பூரில் ஒரு மோட்டார் பார்த்தேனே. நீளமான திருப்புளியை மோட்டார் உடம்பில் வைத்து அதன் பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே பேரிங் பேசுவது கேட்கும், வலது கை சுவிட்சில் இருக்கும், அதனால் எப்போதும் இடது காதுதான். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று சொல்லி வாங்கினேன். லாரியில் இருந்து இறக்கி ஓட்டிக்காட்டினால் பாக்கியநாதன் தெருவில் நின்றபடியே, "பேரிங் போயிருச்சுங்களே" என்கிறான். லாரிக்காரன் குழியில் விட்டுக் குலுக்கிவிட்டான் என்று லாரிக்காரனைத் திட்டினேன். அவன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்புறம் அந்த ரீங்காரம். நாலு மாசம் இந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு மெல்லிய ரீங்காரத்தைத் தேடினேன், எர்த் ஒயரை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், ஒருநாள் சுவிட்சை அணைத்த பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. கெப்பாசிட்டரில் கரண்ட் மிச்சம் இருக்கும், அது வடிகிற சத்தம் என்று எனக்கு நானே சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன், சாப்பிடும்போதும் வடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு கரண்டைத்தான் பிடித்து வைத்திருக்கும் ஒரு கெப்பாசிட்டர்.

பத்து நாற்பத்தைந்து. போதும். மீட்டரை எடுத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். இதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான், உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிறது, இரண்டு கையையும் விட்டால் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும், அதனால் ஒரு கை எப்போதும் பின்னால். வாத்தியார் முன்னால் நிற்கிறமாதிரி நின்றுகொண்டு ஒவ்வொரு வால்வாகப் பார்க்கிறேன். முதலாவது சரி. இரண்டாவது ஒரு மயிரிழை தாழ்வு, திருகாணியை நகம் அளவு திருப்புகிறேன், வந்துவிட்டது. மூன்று, நாலு, சரி. கைக்குப் பக்கத்தில் கண்ணாடியின் சூடு அடிக்கிறது, தூசி கருகுகிற வாசனை, கொஞ்சம் மெழுகு வாசனை. எனக்கு இந்த வாசனை பிடிக்கும். பன்னிரண்டு வயசில் உக்கடத்து இரும்புக் கிடங்கில் பொறுக்கின இரும்போடு நின்றபோது வெறும் துரு வாசனைதான். மொதலாளி, எடை போட்டது குறைச்சல், ஒரு கிலோ சேர்த்துப் போடுங்க என்று கேட்டதற்கு விட்டார் ஒரு அறை, இடது கன்னம், காதோடு சேர்த்து. மூன்று நாள் விசில் அடித்தது. நாலாம் நாள் திரும்பவும் கேட்டேன், அரைக் கிலோ சேர்த்துப் போட்டார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றைக்கு வரை விடவில்லை, எவன் எதைச் சொன்னாலும் அதில் பாதியில் இருந்து ஆரம்பி. சுலோச்சனாவைப் பெண் பார்க்கப் போனபோது வைகாசியில் கல்யாணம் என்று அவள் அப்பா சொன்னார், சித்திரையே போதுமே என்று நான் பேரம் பேசியதை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள். இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிக்கிறாள். பொங்கலுக்கு அப்புறம் அவள் கட்டிலில் இடம் மாறிப் படுத்துக்கொண்டாளே. இருபத்தொன்பது வருஷம் இடது பக்கம் படுத்தவள் ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்தாள். "ஃபேன் காத்து மூஞ்சியிலயே அடிக்குதுங்க" என்றாள். சரி என்று நகர்ந்து கொடுத்தேன். ஃபேன் அறைக்கு நடுவில் அல்லவா தொங்குகிறது. கட்டில் அதற்கு நேர் கீழே. எந்தப் பக்கம் படுத்தாலும் ஒரே காற்றுதான். ஃபேன் நடுவில்தானே தொங்குகிறது.

ரெக்கார்டை வைத்து, ஊசியை இறக்கி, பாட்டு வருவதற்கு முன்னால் வருகிற அந்தக் கரகரப்புக்குள் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். கால்கள் வட்டத்தை விட்டு வெளியே போய்ச் சாக்பீஸை இழுத்துக் கோடு போட்டன. எதிரே வெறும் சுவர், காலண்டர். வீணை வந்தது, அப்புறம் அந்த அம்மாள் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். நேரம் கொடுத்தேன், ஒரு முழு வரி, திரும்பவும் அதே வரி. ஜன்னல் பக்கம். சந்தேகமே இல்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பாடுகிறமாதிரி. கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், எனக்கு எது வந்தாலும் முதலில் கோபம்தான் வரும், அது வரவில்லை. எவன் மேல் வர. காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்தது, எழுந்து கிழித்தேன், திரும்பவும் உட்கார்ந்தேன். நல்ல குரல். அது என்ன பண்ணும், நான் எங்கே நிற்க வைத்தேனோ அங்கே நிற்கிறது. பாட்டு முடிந்து ஊசி தூக்கிக்கொண்டபோது யாரோ தோளைத் தொட்டார்கள். இடது தோள். திடுக்கிட்டுத் திரும்பினால் வெள்ளைச் சட்டை, கையில் காகிதம் சுற்றிய ரம்பம். "நாலு தடவை கூப்புட்டனுங்க" என்றான் பாக்கியநாதன். அவனுக்குப் பின்னால் கதவுகிட்டே சுலோச்சனா டீத் தட்டோடு நிற்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கிறாள். "ஏனுங்க, நாற்காலி ஏன் சுவத்தைப் பாத்துட்டு இருக்குது?" என்றான். பிறகு ரஜாய் போர்த்திய பீரோவையும் திரையில்லாத ஜன்னலையும் பார்த்தான். காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தான். "எதை அறுக்கோணும்னு காட்டுங்க, மதியம் எனக்கு ஒரு கல்யாணம் இருக்குது."

"முதல்ல உக்காரு" என்று நாற்காலியைப் பழையபடி திருப்பி, கால்களை வட்டத்துக்குள் வைத்து, அவனை அதில் உட்கார வைத்தேன். இதுவரை அதில் என்னைத் தவிர எவனும் உட்கார்ந்தது இல்லை. ஊசியை இறக்கினேன். அவன் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, பூசையில் உட்கார்ந்தமாதிரி முதுகை நிமிர்த்திக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அந்தம்மா எங்கப்பா நிக்குது?" "நடுவுலீங்க." "நல்லாக் கேட்டுச் சொல்லு." "நடுவுலதானுங்க. நூல் புடிச்சாப்பல." அவன் குரலில் இறக்கமில்லை, கடைசி எழுத்து வரை ஒரே மட்டம். "அறுக்க வேண்டாம்" என்றேன். "அதெப்படிங்க" என்று எழுந்துவிட்டான், முகம் சிவந்துவிட்டது, அவனுக்குக்கூடச் சிவக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "ரெண்டு வாரமா நான் சரியாத் தூங்கலீங்க. என்ற கடைப் பையனுக என்ற விரலைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறானுக. இப்ப அறுக்க வேண்டாம்னா நான் திருடுனது திருடுனதாவே நிக்குமுங்களே." "நிக்காது. உன்ற மேல தப்பில்ல. எனக்கு இந்தக் காது கேக்கறதில்ல." சொல்லிவிட்டேன். எந்தக் காது என்று விரலால் தொட்டுக்கூடக் காட்டினேன். தட்டில் டம்ளர் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் வந்தது, வலது பக்கத்தில் இருந்து. சுலோச்சனா எப்போது இந்தப் பக்கம் வந்தாள்.

பாக்கியநாதன் என் காதைப் பார்த்தான், கையில் இருந்த ரம்பத்தைப் பார்த்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயந்தேன், சொல்லவில்லை, அதற்கு அவனுக்கு நன்றி. "நாலு பேரு முன்னால சொன்னீங்க" என்றான். "சொன்னேன்." "அதே நாலு பேரு முன்னால வந்து இதையும் சொல்லோணுமுங்க. கவுண்டரு வரைக்கும்." என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது. "அவரு அன்னூர்க்காரருப்பா, அவரை எங்க போய்ப் புடிக்கிறது. ரெண்டு பேர் போதாதா?" சுலோச்சனா பக்கென்று சிரித்துவிட்டாள், தட்டோடு சேர்ந்து குலுங்கினாள். அவன் சிரிக்கவில்லை. ரம்பத்தைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "நாலு பேருங்க" என்றான். அதே மட்டம். அதில் பாதி என்று ஒன்று இல்லை, மூன்றுகூட இல்லை, எனக்குக் கேட்டது, மிச்சம் இருக்கிற காதிலேயே தெளிவாகக் கேட்டது. "சரி, நாலு" என்றேன். "அன்னூருக்கு நாளைக்கே போறேன்." அதற்கப்புறம்தான் அவன் டீயை எடுத்தான். எடுத்துக்கொண்டு முக்காலியை இழுத்து உட்கார வந்தவன், நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப்போய் என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான். "ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணையும் தொட வேண்டாமுங்க, அது சரியா இருக்குது" என்றான். "நாற்காலிய வேணுமுன்னா ஜன்னல் பக்கமா ஒரு அடி நகத்திப் போட்டுக்குங்க. அந்தம்மா வந்துரும்." நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு அடி போதவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். வேலைக்காரம்மா விளக்குமாற்றுக்குப் பயந்து வருஷக்கணக்காகக் காப்பாற்றிய அந்த நாலு வட்டமும் தனியாகத் தரையில் கிடக்க, பாடுகிற அம்மாள் பீரோவை விட்டு மெதுவாகக் கிளம்பி, நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.